ஒரு ரூபாய் குண்டு

உங்கள் வீட்டுப் பரணில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓடாத டேபிள் ஃபேன், கைப்பிடி உடைந்த குக்கர், பிள்ளைகள் எப்போதோ ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள். 'தூக்கிப் போடுங்களேன்' என்று யாராவது சொன்னால் உடனே பதில் வரும்: 'இருக்கட்டுமே, அது என்ன சோறா கேக்குது? எப்பவாவது உதவும்.'

நாடுகளுக்கும் பரண் உண்டு. அங்கே கிடப்பவை வெடிகுண்டுகள். 'இருக்கட்டும், எப்பவாவது உதவும்' என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். இப்போது அந்த 'எப்பவாவது' வந்துவிட்டது. அதனால் எழுந்த ஒரு கேள்வியைத்தான் இந்த வாரம் உங்களோடு பேச நினைக்கிறேன்.

நான் பி.காம் படித்தவன். குண்டைப் பற்றிப் பேச அது போதுமா என்று கேட்பீர்கள். இந்த விஷயம் புரிவதற்கு அதுதான் சரியான படிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் சொல்கிறேன்.

ஒரு கம்பெனி மெஷின் வாங்குகிறது. வருஷா வருஷம் தேய்மானம் என்று அதன் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே வருவார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் மொத்த விலையும் கழிந்துபோகும். ஆனால், மெஷின் ஷெட்டில் நிற்கிறதே? அது இருக்கிறது என்று கணக்கில் காட்ட வேண்டுமே? அதற்காக அதன் மதிப்பு 'ஒரு ரூபாய்' என்று எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. அந்த ஒரு ரூபாய் மெஷின் ஓடினால் வருவதெல்லாம் லாபம். ஓடாமல் போனால் நஷ்டமும் இல்லை. முதலாளிக்கு இதைவிட இனிப்பான சொத்து எது?

பழைய வெடிகுண்டும் அப்படித்தான். விலை எப்போதோ கொடுத்தாகிவிட்டது. கொடுத்த அரசாங்கமே சில சமயம் இப்போது இல்லை. கிடங்கில் தூங்கும் ஒரு ரூபாய் சொத்து.

ரஷ்யாவின் பரணில் அப்படிக் கிடந்தவை 'ஃபாப்' வகைக் குண்டுகள். சோவியத் காலத்துச் சரக்கு. ஃபாப்-500 எம்-62 என்றால் 500 கிலோ எடை, 1962-ம் வருஷ மாடல். ஃபாப்-3000 எம்-54 என்றால் 3,000 கிலோ எடை, 1954-ம் வருஷ மாடல். எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' வெளிவந்த வருஷம்!

இந்தக் குண்டுகளுக்குக் கண்ணும் கிடையாது, இறக்கையும் கிடையாது. விமானம் இலக்கின் தலைக்கு மேலேயே போய்ப் போட வேண்டும். கீழேயிருந்து ஏவுகணை விட்டு விமானத்தையே அடிக்கிற இந்தக் காலத்தில் அது தற்கொலை. அதனால் குண்டுகள் சும்மா கிடந்தன. 2023-ன் தொடக்கத்திலிருந்து உக்ரைன் போரில் ரஷ்யா அவற்றுக்கு ஒரு சட்டை மாட்டிவிட ஆரம்பித்தது. மடித்து விரிக்கிற இறக்கை, செயற்கைக்கோளைப் பார்த்து வழி தெரிந்துகொள்ளும் ஒரு கருவி. அவ்வளவுதான் சட்டை. இப்போது விமானம் 50, 60 கிலோமீட்டர் தள்ளியே, நல்ல உயரத்தில் குண்டை நழுவவிட்டுத் திரும்பிவிடலாம். குண்டு பருந்து மாதிரி சறுக்கிக்கொண்டே வந்து விழும். மகாபலிபுரத்துக்கு மேலே நழுவவிட்டால் புழலில் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2024 ஜூனில் அந்த 3,000 கிலோ தாத்தாவுக்கும் சட்டை மாட்டியாகிவிட்டது.

இது ரஷ்யாவின் புத்தி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தையல் கடையைப் பெரிதாகத் திறந்தது அமெரிக்காதான். 1991 வளைகுடாப் போரில் மேகமும் புகையும் மறைத்து லேசர் குண்டுகள் தடுமாறின. 'எந்த வானிலையிலும் விழுகிற குண்டு வேண்டும், மலிவாகவும் வேண்டும்' என்று தேடியதில் பிறந்தது 'ஜே-டாம்'. சாதாரண குண்டின் வால் பகுதியில் மாட்டுகிற ஜி.பி.எஸ். கிட். 1999-ல் யூகோஸ்லாவியா மீது முதன்முதலாகப் போரில் பயன்படுத்தினார்கள். உள்ளே இருப்பது வியட்நாம் போர்க் காலத்து மார்க்-84. எடை 2,000 பவுண்டு, அதாவது 900 கிலோ சொச்சம்.

நம்மிடமும் உண்டு. 2019 பிப்ரவரி 26-ம் தேதி பாலகோட்டில் நம் விமானப்படை போட்ட 'ஸ்பைஸ் 2000', இதே 2,000 பவுண்டு ரகக் குண்டுக்கு இஸ்ரேல் தயாரித்த சட்டைதான். 'சுதர்சன்' என்ற பெயரில் லேசர் கிட் ஒன்றை நம் டி.ஆர்.டி.ஓ.வே செய்திருக்கிறது. பெயர் மாறும், தத்துவம் ஒன்று. பழைய உடம்பு, புதுக் கண்.

சரி, கணக்குக்கு வருவோம்.

புத்தம் புதிய க்ரூஸ் ஏவுகணை ஒன்றின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டும். ஜே-டாம் கிட் இருபது, முப்பதாயிரம் டாலரில் முடிந்துவிடும். ஏவுகணையை எடுக்கும்போது தளபதிக்குக் கை கொஞ்சம் நடுங்கும். 'இந்த இலக்கு இவ்வளவு பணத்துக்குத் தகுமா?' என்று யோசிப்பார். அந்த யோசனை தர்மத்தினால் வருவதில்லை, கஞ்சத்தனத்தினால் வருவது. இருந்தாலும் யோசனை யோசனைதானே! குண்டு ஒரு ரூபாய், சட்டை மலிவு என்று ஆனதும் அந்தக் கஞ்சத்தனமும் போய்விடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய குண்டை அழிப்பது லேசான வேலை கிடையாது. ஓட்டைத் திறந்து, வெடிமருந்தைப் பிரித்து, பாதுகாப்பாக எரிக்க வேண்டும். ஆள், இடம், பணம் எல்லாம் வேண்டும். அதையே கொண்டுபோய் ஒருவன் தலையில் போட்டுவிட்டால் அழிக்கிற செலவு மிச்சம்! கொல்வது செலவு, கொல்லாமல் இருப்பது சிக்கனம் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். இங்கே அப்படியே தலைகீழ்.

'சரி சார், பழைய ஸ்டாக் தீர்ந்தால் இதுவும் தீர்ந்துவிடும்தானே?' என்பீர்கள். தீராது. பழக்கம் வந்துவிட்டால் ஸ்டாக் தானாக வரும். 2024 பிப்ரவரியிலிருந்து ஃபாப்-3000 குண்டுகளைப் புதிதாகவே தயாரிப்பதாக ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. 70 வருஷப் பழைய மாடலுக்கு மறுபடியும் உற்பத்தி! 'வீணாகப் போகுதே' என்று ஆரம்பித்தது, 'பத்தலையே' என்று வந்து நிற்கிறது.

பழசு என்றால் செத்துப்போனது என்று அர்த்தமும் இல்லை. 1967 ஜூலை 29, வியட்நாம் கடற்பகுதி. அமெரிக்காவின் 'ஃபாரஸ்டல்' என்ற விமானம் தாங்கிக் கப்பலில் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு. கிடங்கில் வருஷக்கணக்காகக் கிடந்த பழைய ஆயிரம் பவுண்டு குண்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு விமானத்திலிருந்து ராக்கெட் ஒன்று தவறிப் பாய்ந்து மேல்தளத்தில் எரிபொருள் தீப்பிடித்தது. புது ரகக் குண்டுகள் அந்தச் சூட்டைச் சில நிமிடங்களாவது தாங்கியிருக்கும். பழையவை இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. 134 பேர் செத்தார்கள். எல்லோரும் அமெரிக்கர்கள். ஒரு ரூபாய் குண்டுக்குத் தன் முதலாளி யார் என்றுகூடத் தெரியாது.

இப்போது எதிர்த்தரப்புக்கு வருகிறேன். நியாயமாகப் பேச வேண்டும் இல்லையா?

'குருட்டுக் குண்டுக்குக் கண் கொடுப்பது நல்லதுதானே? இரண்டாம் உலகப் போரில் ஒரு தொழிற்சாலையை அழிக்க நூற்றுக்கணக்கான விமானங்கள் போய் ஊரையே கொளுத்தின. இன்றைக்கு ஒரு குண்டு, ஒரு கட்டடம். அப்பாவிகள் பிழைக்கிறார்கள். இது முன்னேற்றம் இல்லையா?'

இது லேசான வாதம் இல்லை. ஊரைக் கொளுத்துவதைவிட ஒரு கட்டடத்தை இடிப்பது மேல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அதற்கு மேல் இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது, குண்டுக்குக் கண் கொடுக்கலாம், ஆனால் முகவரியை எழுதுவது மனுஷன். 1999 மே 7-ம் தேதி இரவு பெல்கிரேடில் ஐந்து ஜே-டாம் குண்டுகள் ஒரு கட்டடத்தில் விழுந்தன. குறி தப்பவில்லை. எழுதிக் கொடுத்த இடத்தில்தான் விழுந்தன. அந்த இடத்தில் இருந்தது சீனத் தூதரகம். பத்திரிகையாளர்கள் மூன்று பேர் இறந்தார்கள். ராணுவத் தளவாட அலுவலகம் என்று நினைத்து முகவரியைத் தப்பாகக் குறித்துவிட்டோம் என்றது அமெரிக்கா. தபால்காரர் சரியாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார், கவர் மேல் எழுதியவன்தான் தப்பு பண்ணினான் என்கிற மாதிரி.

இரண்டாவது, எடை. இதுதான் எனக்கு முக்கியம். ஜே-டாம் சட்டை போட்ட குண்டு 13 மீட்டருக்குள் விழ வேண்டும் என்பது அதற்கு வைத்த விதி. நடைமுறையில் அதைவிடக் கிட்டவே விழுகிறது. அபாரம். ஆனால், அந்த 900 கிலோ குண்டின் சிதறல்கள் ஏறத்தாழ 360 மீட்டர் வரை ஆளைக் கொல்லும் என்கிறார்கள். நடந்தால் நாலைந்து நிமிஷ தூரம். அதற்குள் ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரேஷன் கடை, ஒரு கல்யாண மண்டபம் வந்துவிடும். குறி 13 மீட்டர், வீச்சு 360 மீட்டர். சட்டை மாட்டியதால் முதல் எண்தான் குறைந்தது. இரண்டாவது எண் 1960-களில் இருந்த அதே எண்.

2024 ஜூலை 13-ம் தேதி காஸாவில் அல்-மவாசி என்ற இடத்தில், இடம்பெயர்ந்த மக்கள் கூடாரம் போட்டிருந்த பகுதியில், இந்த ரகக் குண்டுகள் விழுந்தன. இலக்கு ஹமாஸ் தளபதி ஒருவர். அவர் கொல்லப்பட்டார் என்பதைப் பிறகு ஹமாஸே ஒப்புக்கொண்டது. ஆக, குறி தப்பவில்லை. அன்றைக்குச் செத்தவர்கள் குறைந்தது 90 பேர் என்றது காஸா சுகாதார அமைச்சகம். 'துல்லியம்' என்ற வார்த்தையால் இந்த 90-ஐ மூட முடியுமா?

அமெரிக்காவே 2024 மே மாதம் இஸ்ரேலுக்குப் போகவிருந்த 1,800 இரண்டாயிரம் பவுண்டு குண்டுகளை நிறுத்தி வைத்தது. நெருக்கமான ஊருக்குள் இந்த எடை ஆகாது என்று விற்கிறவனுக்கே தெரிந்திருக்கிறது. 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அந்தத் தடை நீங்கிவிட்டது. குண்டின் எடை மாறவில்லை, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் மாறினார்.

உக்ரைன், காஸா, பெல்கிரேட்... 'அதெல்லாம் எங்கேயோ நடப்பது, நமக்கென்ன?' என்று கேட்பவர்கள் ஒரு தடவை எங்கள் வடசென்னைப் பக்கம் வாருங்கள். ஜி.என்.டி. ரோட்டில் ரெட்ஹில்ஸ் பஸ்ஸில் போகிறவர்களுக்குப் புழல் என்றால் ஜெயிலும் ஏரியும்தான் ஞாபகம் வரும். அதே ரோட்டில் காவாங்கரையில் ஒரு முகாம் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கானது. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று ஆக்கியது.

அந்தப் பக்கம் டீக்கடையில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். 1998-ல் மண்டபம் வழியாக வந்தவர். இறக்கை மாட்டிய குண்டுகளைப் பற்றிய செய்தி பேப்பரில் வந்திருந்தது. "ஐயா, இதப் படிச்சீங்களா? பழைய குண்டுக்கு இப்ப கண்ணு வெச்சிட்டாங்களாம்" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, முந்தி சகடை வரும். சத்தம் கேட்டவுடன பிள்ளையளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள்ள குதிச்சிடுவம். அவன் எங்க போடுறான் எண்டு அவனுக்கே தெரியாது. பிறகு கிபிர் வந்திது. அது பாத்துப் போடுமாம் எண்டு சொன்னவங்கள். எங்களுக்கென்ன வித்தியாசம்? பங்கர் அதே பங்கர்தானே."

சகடை என்பது யாழ்ப்பாணத்து மக்கள் வைத்த பெயர். கடகடவென்ற சத்தத்தோடு வரும் போக்குவரத்து விமானங்களை அப்படிச் சொன்னார்கள். ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப்போகச் செய்த விமானத்திலிருந்து குண்டு. 1990-ல் தகரப் பீப்பாயில் வெடிமருந்தை அடைத்துத் தள்ளிவிட்டதும் உண்டு. இருப்பதை வைத்துச் சமாளிப்பது என்பது இதுதான். 1995 ஜூலை 9-ம் தேதி நவாலியில், ராணுவம் முன்னேறுகிறது என்று ஊரைவிட்டு வந்த ஜனங்கள் சென். பீட்டர்ஸ் தேவாலயத்தில் ஒதுங்கியிருந்தார்கள். விமானப்படை போட்ட குண்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

இன்னொரு கதையும் கேளுங்கள். இலங்கை 2000-ல் உக்ரைனிலிருந்து மிக்-27 விமானங்களை வாங்கியது. சோவியத் யூனியன் உடைந்தபோது உக்ரைன் பங்குக்கு வந்த பழைய சரக்கு. 2006-ல் மேலும் நான்கு. அவை 1980-களின் தொடக்கத்தில் தயாரானவை. முன்பு வாங்கியவற்றைவிடப் பழசு, விலையோ கூடுதல் என்று கொழும்புப் பத்திரிகைகள் எழுதின. அப்படி எழுதியவர்களில் ஒருவர் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க. 2009 ஜனவரி 8-ம் தேதி அவர் நடுரோட்டில் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

உக்ரைனின் லிவிவ் நகரத்துப் பட்டறையில் சரி பார்த்து அனுப்பிய சோவியத் விமானம் வன்னியின் மேல் பறந்தது. அதே சோவியத் யூனியனின் குண்டு இப்போது உக்ரைன் மேல் விழுகிறது. ஒரே வீட்டுப் பரண் சாமான்தான், இரண்டு ஊரிலும்!

'வித்தவனுக்கு நல்லா வேணும்' என்று ஒரு குரல் உள்ளே கேட்கிறதா? நம்மில் பலருக்குக் கேட்கும். அந்தக் குரலைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். 2025 செப்டம்பர் 9-ம் தேதி கிழக்கு உக்ரைனில் யரோவா என்ற கிராமத்தில் பென்ஷன் வாங்க வரிசையில் நின்றிருந்த கிழவர் கிழவிகள் மேல் சறுக்குக் குண்டு விழுந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் என்று உக்ரைன் அரசு சொன்னது. மிக்-27 பேரத்தில் கையெழுத்துப் போட்டது அந்தக் கிழவிகளா? கமிஷன் வாங்கியது அவர்களா? விற்றவனும் வாங்கியவனும் வரிசையில் நிற்பதில்லை. நவாலியிலும் நிற்கவில்லை, யரோவாவிலும் நிற்கவில்லை.

பி.காம் முதல் வருஷத்தில் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். இரண்டும் டேலி ஆகாவிட்டால் எங்கோ தப்பு இருக்கிறது. குண்டுக் கணக்கில் ஒரு பக்கம்தான் எழுதுகிறார்கள். குண்டு ஒரு ரூபாய், சட்டை இத்தனை டாலர், மிச்சம் இவ்வளவு. அந்த மிச்சத்தைக் கட்டியவர்கள் யார்? பங்கர் வெட்டியவர்கள், படகேறியவர்கள், காவாங்கரையில் வயதானவர்கள். அவர்கள் கட்டிய தொகை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அதனால்தான் குண்டு மலிவாகத் தெரிகிறது. ஒரு பொருள் நமக்கு இலவசம் என்றால், வேறு யாரோ அதற்குப் பணம் கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

பேரேட்டில் ஏறாவிட்டாலும் வாங்கியவன் மறக்க மாட்டான். 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்தின் எண்ணெய் டாங்குகளைச் சுட்டுவிட்டுப் போனது. அரைமணி நேரம்கூட இருக்காது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் 'அவன் சரியான எம்டன்' என்கிறோம். ஒரு ராத்திரிக்கே இப்படி என்றால், 'சகடை' என்ற சொல் இன்னும் எத்தனை தலைமுறைக்கு நிற்கும்?

சரி, 'எதிரி குண்டு போட்டால் நாம் பூப்போடுவதா?' இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓட முடியாது. எல்லையில் ராணுவம் வேண்டாம், ஆயுதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. படையெடுத்து வருகிறவனைத் தடுக்க உக்ரைனுக்கும் ஆயுதம் வேண்டியிருக்கிறது. அதுவும் சட்டை மாட்டிய குண்டுகளைப் போடத்தான் செய்கிறது. என் வாதம் சின்னது: ஜனங்கள் வாழும் ஊருக்குள் இந்த எடை எதற்கு?

துல்லியம் வந்துவிட்டால் எடை குறைய வேண்டும். தர்க்கம் அப்படித்தானே சொல்கிறது? கொசுவை நேராகப் பார்த்து அடிக்க முடிந்தவனுக்கு உலக்கை எதற்கு? இந்தத் தர்க்கம் புரிந்துதான் அமெரிக்கா 250 பவுண்டு, அதாவது 110 கிலோ சொச்ச எடையில் ஒரு சின்னக் குண்டை உருவாக்கி 2006-ல் படையில் சேர்த்தது. ஆனாலும் பெரிசு ஓயவில்லை. ஏன்? அது பரணில் கிடக்கிறதே! தேவை குண்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, கிடங்கு தேர்ந்தெடுக்கிறது. சின்னது மட்டும் உத்தமம் என்றும் சொல்ல மாட்டேன். 2024 மே மாதம் ரஃபாவில் கூடாரங்களுக்கு அருகே விழுந்தது அந்தச் சின்ன ரகம்தான். 45 பேர் செத்ததாகச் சொன்னார்கள். ஆகவே, எடை ஒரு கேள்வி, பக்கத்தில் யார் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

உலக்கை என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. மகாபாரதத்தின் கடைசிப் பகுதி. யாதவப் பையன்கள் சாம்பனுக்குக் கர்ப்பிணி வேஷம் போட்டு முனிவர்களைக் கிண்டல் செய்ய, 'உங்கள் குலத்தை அழிக்கும் உலக்கை பிறக்கும்' என்று சாபம் விழுகிறது. இரும்பு உலக்கை பிறந்தே விடுகிறது. அதைப் பொடியாக அரைத்துக் கடலில் கொட்டுகிறார்கள். பொடி கரையொதுங்கி கோரைப்புல்லாக முளைத்தது, அதைப் பிடுங்கியே யாதவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு அழிந்தார்கள். அரைபடாமல் மிஞ்சிய ஒரு துண்டை மீன் விழுங்கி, அது ஒரு வேடன் கைக்கு வந்து, அவன் அதை அம்பு நுனியில் பொருத்தினான். அந்த அம்புதான் கிருஷ்ணன் காலில் பாய்ந்தது. பழைய ஆயுதத்தின் மிச்சத்தைப் புது ஆயுதத்தில் பொருத்துவது இன்றைய சமாசாரம் இல்லை பாருங்கள்! அவர்களாவது அரைத்துப் பார்த்தார்கள். நாம் அதையும் செய்யவில்லை.

மனது வைத்தால் செய்ய முடியும். 1997-ல் இந்தியா தன்னிடம் 1,044 டன் கந்தக மஸ்டர்ட் விஷப்பொருள் இருப்பதாக உலகத்துக்குச் சொன்னது. 2009-க்குள் அவ்வளவையும் அழித்து முடித்தது. 'இருக்கட்டும், எப்பவாவது உதவும்' என்று யாரும் சொல்லவில்லை, சொன்னவர்கள் பேச்சு எடுபடவில்லை. இலங்கை 2017-ல் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2022 நவம்பரில் டப்ளினில், ஊருக்குள் கனரக வெடிபொருள்களைத் தவிர்ப்போம் என்று 80-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒரு பிரகடனத்தை ஏற்றன. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. காற்று திரும்பியும் அடிக்கிறது. கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்திலிருந்து 2025 மார்ச்சில் லிதுவேனியா வெளியேறியது. பயம் வந்தால் எல்லோரும் பரணைத்தான் பார்க்கிறார்கள்.

ஆயுதத்துக்குத் தானாக வயதாகாது. 'போதும், இது இனி வேண்டாம்' என்று ஒரு மனுஷன் முடிவெடுத்தால்தான் அது சாகும்.

அந்த முடிவை எப்போது எடுப்பது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. புழலுக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் மணலி. 2015-ல் சுங்கத்துறை கைப்பற்றிய 740 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கன்டெய்னர்களில் அங்கே ஒரு கிடங்கில் அடைந்து கிடந்தது. வழக்கு, ஃபைல், ஏலம் என்று ஐந்து வருஷம் ஓடியது. 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அதே பொருள் வெடித்து 200-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உடனே இங்கே எல்லோருக்கும் மணலி ஞாபகம் வந்தது. ஐந்து வருஷம் நகராதது சில நாட்களில் லாரி ஏறி ஹைதராபாத்துக்குப் போக ஆரம்பித்தது. நல்லது நடந்தது, சந்தோஷம். ஆனால், நம் கிடங்கைத் தணிக்கை பண்ண இன்னொரு ஊர் வெடிக்க வேண்டியிருந்தது.

தளபதிகளிடம் போய்க் கேட்கிற வசதி உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. டி.வி.க்கு முன்னால் உட்காருகிற வசதி மட்டும் இருக்கிறது. அடுத்த தடவை அதில் 'துல்லியத் தாக்குதல்' என்று ஒரு குரல் பெருமையாகச் சொல்லும். சொல்வது எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி, நம்ம ஆளாகவே இருந்தாலும் சரி, கை தட்டுவதற்கு முன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். குண்டு எத்தனை கிலோ? பக்கத்தில் யார் இருந்தார்கள்?

பதில் வராவிட்டால், கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.